வைசேரே ஓடையின் ஆண் தட்டான்

வசிதி பெரியவளாகத் தொடங்கிய வருடம் அவள் அண்ணன் நெதானி அவளோடு பேசுவதை நிறுத்தினான். சண்டை ஒன்றும் இல்லை. தீவின் மலையூரான நவுனீவியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தங்கை வளர்ந்துவிட்டால் அண்ணன் அவள் முகம் பார்த்துப் பேசமாட்டான். அவள் உட்கார்ந்திருக்கும் பாயில் உட்காரமாட்டான். அவள் ஒரு வாசல் வழியாக வந்தால் அவன் மறுவாசல் வழியாக இறங்கிப் போய்விடுவான். அது பகை அல்ல, மரியாதை. ஆற்றில் பிடித்த இறாலில் பெரியது அவளுக்குத்தான் வரும். அவள் பள்ளிக்கூடம் போகும் தடத்தில் மரம் விழுந்து கிடந்தால், மறுநாள் விடிவதற்குள் யாரோ வெட்டி ஒதுக்கியிருப்பார்கள். யார் என்று அவள் கேட்டதில்லை. தங்கைக்கு ஒன்று வேண்டும் என்று அண்ணன் காதில் விழுந்துவிட்டால் பிறகு அவன் இல்லை என்று சொல்வதற்கில்லை. அதனால் வசிதி சின்ன வயதிலிருந்தே எதையும் வாய்விட்டுக் கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

படிப்பு அவளை மலையிலிருந்து இறக்கித் தலைநகர் சுவாவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு கல்லூரியின் பூச்சி அறையில் வேலை கிடைத்தது. செத்த பூச்சிகளை ஊசியில் குத்துவது, சீட்டு எழுதுவது, பெட்டிகளில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. சுவா மழைக்கு அந்தக் கடைசி வேலையே ஒரு ஆளைத் தின்றுவிடும். வேலை போக மிச்ச நேரத்தில் மேற்படிப்பும் முடித்தாள். நிச்சயம் வரை வந்த கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போன இடத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதால் நின்றுபோனது. ஊரில் அவளைக் கேலி செய்தார்கள். "நாமெல்லாம் கொசுவை அடிப்போம். இவளுக்கு அதை அடுக்கி வைக்கச் சம்பளம் குடுக்கறாங்க" என்று மாமா ஒருவர், ஊர் ஆண்கள் கூடி யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தில் சொன்னது சுவா வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தவள், மதினியோடு வைசேரே ஓடைக்கு இறால் தடவப் போனாள். மதினி என்றால் லவேனியா, நெதானியின் மனைவி. அதற்கு முன்பே அத்தை மகள். அதனால் கேலிக்கும் கிண்டலுக்கும் அவளுக்கு இரட்டை உரிமை இருந்தது. ஓடை ஒரு திருப்பத்தில் அகன்று வெயில் விழுகிற இடத்தில், பாசி படிந்த பாறை மேல் ஊசித்தட்டான் ஒன்று உட்கார்ந்திருந்தது. தீக்குச்சி தடிமன்கூட இல்லாத கறுப்பு உடம்பு. முதுகில் வேகவைத்த நண்டின் சிவப்பில் ஒரு பட்டை. வசிதி கல்லூரிப் பூச்சி அறையில் ஆயிரக்கணக்கான தட்டான்களைக் கையாண்டவள். இப்படி ஒரு பட்டையை எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. இறால் கூடை கவிழ்ந்து போனதுகூடத் தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"என் ராத்திரிச் சாப்பாடு நீந்திப் போகுது நாத்தனாரே" என்றாள் லவேனியா. "அதைத் திங்க முடியுமா, சொல்லு. முடிஞ்சா நானும் பார்க்கறேன்."

அன்று பிடித்தது பெண். அடுத்த முறை பிடித்தவையும் பெண். அந்தத் தீவின் மலை ஓடைகளில் சில தட்டான் சாதிகள் அப்படித்தான். வெயில் விழும் நல்ல பாறையைப் பெண்தான் பிடித்துக்கொண்டு வந்தவர்களை விரட்டும். ஆண் எங்கே போய் ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆண் இல்லாமல் புதுச் சாதி என்று எழுதுவது கஷ்டம். ஆண் தட்டானின் வால் நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ள ஒரு ஜோடி கொக்கிகள் உண்டு. சாதிக்குச் சாதி அவற்றின் வடிவம் வேறு. பூட்டுக்குச் சாவி மாதிரி. அதை வரைந்து காட்டாவிட்டால், ஏற்கெனவே பெயர் வாங்கிய ஏதோ ஒன்றின் பெண்ணாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிடுவார்கள்.

அதன்பின் வருடா வருடம் மழை குறைந்த மாதங்களில் வசிதி வந்தாள். ஓடையின் மேல்பகுதிக்கு வழி தெரிந்தவன் நெதானி ஒருவன்தான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து போக முடியாது. அதனால் ஊர்வலம் ஒன்று ஏற்பாடாயிற்று. நெதானி கத்தியால் தடம் வெட்டிக்கொண்டு ஒரு திருப்பம் முன்னால் போவான். நடுவில் லவேனியா. பின்னால் வலையும் பையுமாக வசிதி. பேச வேண்டியதெல்லாம் லவேனியா வழியாகத்தான். காட்டில் சத்தம் தெளிவாகக் கேட்கும். வசிதி சொல்வது நெதானிக்கும், அவன் சொல்வது வசிதிக்கும் நேரே காதில் விழும். இருந்தாலும் லவேனியா சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

"மதினி, பாறைக்கு மேல இருக்கற கிளையெல்லாம் வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அதுலதான் அதுங்க ஒதுங்கும்."

லவேனியா முன்னால் திரும்பிக் கத்துவாள். "ஏங்க, உங்க தங்கச்சி சொல்றா, உங்களுக்கு மரம் வெட்டத் தெரியலயாம். எங்க மாமனார் உங்களுக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கலயாம்."

முன்னால் கத்திச் சத்தம் நிற்கும். நெதானி சிரிப்பது கேட்கும். "கிளையைத் தொடலன்னு சொல்லு" என்பான்.

லவேனியா பின்னால் திரும்புவாள். "உன் அண்ணன் சொல்றாரு, பூச்சிக்கு இவ்வளவு பார்க்கறவ எங்களுக்கு ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்தாளான்னு."

வசிதி சிரித்துவிடுவாள். தன் சிரிப்பு அவனுக்குக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். அண்ணனும் தங்கையும் ஒன்றாக இருந்த நேரம் என்றால் இவ்வளவுதான். லவேனியாவின் பொய்களுக்கு இரண்டு பக்கமும் நின்று சிரிப்பது.

நெதானியின் மகளுக்கு அத்தையின் பெயரையே வைத்திருந்தார்கள். தங்கை பெயரை வாயால் சொல்லமாட்டான் என்பதால் பெற்ற மகளையும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாப்பா" என்பான். "நாளைக்கு இவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்தாலும் இவ பாப்பாதான்" என்று லவேனியா இடிப்பாள்.

ஆண் தட்டான் கிடைக்கவில்லை. பெண் தட்டான்கள் பெட்டியில் வரிசை கட்டின. கல்லூரியில் வசிதியின் மேலாளர் நல்ல மனுஷி. "பெண்ணை மட்டும் வைத்தே எழுதிப் பாரேன்" என்றாள். வசிதி இன்னும் ஒரு வருடம் பார்க்கிறேன் என்றாள். அந்த வருடப் பயணத்தின் கடைசி நாளில் ஓடைக்கரையில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, தனக்குத்தானே சொல்வது போல, "ஒரே ஒரு ஆண் கிடைச்சாப் போதும் மதினி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் அது வாய்விட்டுக் கேட்டதாகிவிட்டது என்று உறைத்தது. திருப்பத்துக்கு அந்தப்பக்கம் நெதானி இருமியது கேட்டது. லவேனியா அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மழை தொடங்கியது. ஒரு நாள் லவேனியா போனில் பேசும்போது, உன் அண்ணன் அருவிக்கு மேலே ஏறிப் பார்க்கப் போகிறேன் என்கிறார் என்று சொன்னாள். அருவிக்கு மேலே அவர்கள் இதுவரை போனதில்லை.

"இப்ப வேண்டாம் மதினி. ஓடை எப்ப ஏறும்னு தெரியாது. மழை விட்டப்புறம் நான் வரேன், அப்பப் பார்த்துக்கலாம்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ அங்க மழையில பூஞ்சை பிடிச்சுடாம இரு" என்றாள் லவேனியா.

சில வாரங்கள் கழித்து நெதானிக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாரும் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். எலுமிச்சை இலை போட்ட தேநீர் கொடுத்தார்கள். கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். கிழங்குத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்ததால் என்றார்கள். கண் மஞ்சளான பிறகுதான் லாரியில் ஏற்றி வுனிந்தாவா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சுவாவுக்கும் கொண்டுவந்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார் மருத்துவர். சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கியிருந்தது.

வசிதி வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓடியவள் வார்டு வாசலில் நின்றாள். அண்ணன் படுத்திருக்கும் அறைக்குள் தங்கை போவதில்லை. வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். லவேனியா உள்ளேயும் வெளியேயுமாக நடந்தாள். கொஞ்சம் கஞ்சி குடித்தார். வாந்தி எடுத்துவிட்டார். தூங்குகிறார். நீ சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னார். இந்தமுறை லவேனியா எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் லவேனியா தோள்பையைத் துழாவி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வசிதி மடியில் வைத்தாள். உள்ளே, வசிதி விட்டுவிட்டுப் போயிருந்த காகித உறைகளில் ஒன்று. உறைக்குள் தட்டான். நண்டுச் சிவப்புப் பட்டை தோளில் மெல்லியதாக, வாலில் அகலமாக. வால் நுனியில் கொக்கிகள்.

"அருவிக்கு மேல ஒரு மரத்துல இருந்துதாம். வெயில் அடிச்ச கொஞ்ச நேரத்துல பிடிச்சாராம்" என்றாள் லவேனியா. "உன்கிட்ட குடுத்தாச்சான்னு காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்காரு."

வசிதி டப்பாவை மூடினாள். எத்தனையோ வருடம் காத்திருந்த பொருள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் லவேனியா துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் நர்ஸ் ஒருத்தி வந்தாள். லம்பாசா நகரப் பக்கத்து இந்திய வம்சாவளிப் பெண். "நீங்க தங்கச்சிதானே? ஏன் ரெண்டு நாளா வெளியவே உட்கார்ந்திருக்கீங்க? உள்ள போங்கம்மா. பக்கத்துல யாரும் இல்ல அவருக்கு."

வசிதி எழுந்தாள். கதவைத் தாண்டினாள். நெதானி ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தான். வருவது யார் என்று தெரிந்ததும், குழாய் குத்தியிருந்த கையாலேயே போர்வையை இழுத்து மார்பை மூடிக்கொண்டான். பிறகு, அவ்வளவு வலியிலும், மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனால் அப்போது செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான். வசிதிக்கு அது புரிந்தது. ஒரு வார்த்தை பேசினால் அதை உடைத்ததாகும். அவன் முதுகைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். கட்டில் காலடியில் நழுவிக் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் லவேனியா உள்ளேயிருந்து வந்து சொன்னாள். "கண்ணு மஞ்சள்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாரு."

"தெரியும் மதினி. டாக்டர் சொன்னாரு" என்றாள் வசிதி.

மறுநாள் காலையில் நெதானி இறந்துபோனான்.

நவுனீவியில் பாய்கள் வந்தன, துக்க மரியாதையாகத் திமிங்கிலப் பல் வந்தது, கிழங்கும் பன்றியும் வந்தன. சவப்பெட்டியின் தலைமாட்டில் வசிதியை உட்காரவைத்தார்கள். "இப்பப் பேசலாம்டி. செத்தவங்களோட பேசத் தடையில்ல" என்றாள் ஒரு அத்தை, அவள் முதுகைத் தடவி. வசிதி வாயைத் திறந்தாள்.  பேசிப் பழக்கம் இல்லை.

நூறாம் நாள் சடங்குக்கு அவள் மறுபடியும் மலைக்கு வந்தாள். துக்கம் அவிழ்த்துச் சாப்பாடு முடிந்ததும், பாத்திரம் கழுவ ஆற்றுக்குப் போன இடத்தில் லவேனியா கேட்டாள்.

"நாத்தனாரே, அன்னைக்குப் போன்ல நீ என்ன சொன்ன?"

"மழை விடட்டும், இப்பப் போக வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்."

"நான் அப்படிச் சொல்லல."

வசிதி கையிலிருந்த பானையைக் கீழே வைத்தாள்.

"'உங்க தங்கச்சி கேக்கறா, அண்ணன் மழையில நனைஞ்சா கரைஞ்சிடுவாரா, நானே வந்து பிடிச்சுக்கட்டுமான்னு.' அப்படித்தான் சொன்னேன். எப்பவும் சொல்ற மாதிரிதான். அப்புறம் நிசத்தைச் சொல்லலாம்னு இருந்தேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வலையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு."

எலி மூத்திரம் கலந்த ஈரம் எதிலிருந்தும் எலிக்காய்ச்சல் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தோட்டத்துச் சேறு, பன்றிக் கொட்டில், ஆற்றுத்துறை, எதிலிருந்தும். அதைச் சொல்லியிருக்கலாம். லவேனியா அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது. ஆனால் வசிதிக்கு அப்போது ஒன்றுதான் ஓடியது. அவன் அருவிக்குக் கிளம்பும் முன் தன்னிடமிருந்து அவனுக்குப் போய்ச் சேர்ந்த கடைசி வார்த்தை தன்னுடைய வார்த்தை இல்லை.

"பானை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கரையேறினாள். அடுத்தநாள் பஸ்ஸில் சுவாவுக்குப் போய்விட்டாள்.

பிஸ்கட் டப்பா அலமாரியில் பல மாதம் கிடந்தது. மேலாளர் கேட்கவில்லை. ஒருநாள் பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது உறையின் ஓரத்தில் எறும்பு ஊர்வதைப் பார்த்தாள். அன்றுதான் எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள். ஒரு காலை எறும்பு கொண்டுபோயிருந்தது. கொக்கிகள் பத்திரமாக இருந்தன. மேல்கொக்கி இரண்டாகப் பிளந்து உள்பக்கம் வளைந்திருந்தது. இதுவரை பெயர் வாங்கிய எதற்கும் அப்படி இல்லை. புதுச் சாதிதான். சந்தேகமே இல்லை. நாள் முழுக்க வரைந்தாள். இறகின் நரம்புகளை எண்ணினாள். உடம்பின் நிறங்களைக் குறித்தாள். உயிரோடு இருக்கும்போது கண்ணின் நிறம் என்ற இடத்துக்கு வந்தாள்.

தட்டான் செத்த சில மணி நேரத்தில் கண்ணின் நிறம் போய்விடும். காகித உறையிலிருந்தது கறுத்துச் சுருங்கியிருந்தது. இந்த ஆணை உயிரோடு பார்த்தவன் நெதானி ஒருவன்தான். அவனிடம் இருந்தது பழைய பட்டன் போன், அதில் படம் எடுக்க முடியாது.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கண்ணு மஞ்சள்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாரு.

வசிதி பென்சிலை வைத்தாள். அவன் தன் கண்ணைச் சொன்னானா? தங்கைக்குச் சொல்லி அனுப்ப அதில் என்ன இருக்கிறது? தன் நோவைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லி அனுப்பாதவன். இல்லை, கண் மஞ்சள், கண் மஞ்சள் என்று அந்த அறையில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததைக் காய்ச்சலில் திருப்பிச் சொன்னானா? எதைச் சொல்கிறான் என்று மதினியைத் திருப்பி அனுப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கதவுக்கு அந்தப்பக்கம்தான் இருந்தான்.

பல மாதம் கழித்து அன்று லவேனியாவுக்குப் போன் செய்தாள். லவேனியா அதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம், தன் அப்பா ஊருக்குப் போயிருந்தாள்.

"மதினி, ஆஸ்பத்திரியில கண்ணு மஞ்சள்னு சொன்னாரே. எதைச் சொன்னாரு?"

"பூச்சியைத்தான்" என்றாள் லவேனியா, உடனே. "பூச்சியைத்தான் சொன்னாரு. 'பூச்சிக் கண்ணு நல்ல மஞ்சள், பழுத்த பப்பாளி மாதிரி'ன்னு சொன்னாரு."

"பப்பாளின்னு அவரே சொன்னாரா?"



"மஞ்சள்னு சொன்னாரு" என்றாள் லவேனியா. "அது நிசம். மஞ்சள்னு சொன்னாரு."

மேலாளர், உன் அண்ணன் பெயரையே சாதிக்கு வைக்கலாமே, வழக்கம்தானே என்றாள். வசிதி அதற்கும் லவேனியாவைத்தான் கேட்டாள். பெயர் அவளுக்கும் சொந்தம்.

"வேண்டாம்" என்றாள் லவேனியா. "அவரு பேரையும் ஊசியில குத்திப் பெட்டிக்குள்ள வைக்காத. ஓடை பேரை வை. அது எங்கயும் போகாது."

ஓடையின் பெயரை வைத்தாள். ஆனால் பிடித்தவர் யார் என்று சீட்டில் எழுதியாக வேண்டும். அது விதி. அரிசி அளவு எழுத்தில் இடமும் மாதமும் எழுதி, அதன் கீழே அண்ணன் பெயரை எழுதினாள். மை காயும் வரை அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அறையில் யாரும் இல்லாததால், ஒருமுறை வாசித்தாள். அந்தப் பெயர் தன் குரலில் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. யாரோ வெளியூர் ஆளைக் கூப்பிடுவது போல இருந்தது.

கட்டுரை அச்சாகி வந்தபோது ஒரு பிரதியை பஸ்காரரிடம் லவேனியாவுக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"படம் நல்லாருக்கு. கொக்கி எல்லாம் நண்டுக் கால் மாதிரி" என்றாள் லவேனியா. பிறகு, "கண்ணைப் பத்திப் போட்டியா? எனக்கு இங்கிலீஷ் எல்லாம் படிக்க வராது."

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. வசிதி பிரதியை எடுத்து அந்த வரியைப் பார்த்தாள்.

"போடல மதினி. ஆணோட கண் நிறம் தெரியலன்னு போட்டிருக்கேன்."

"மஞ்சள்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"நம்பல நீ."

 மதினியை நம்ப வசிதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. நம்பியதால் அதை எழுதிவிட முடியாது.

"சரி" என்றாள் லவேனியா. "நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

போன் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. தூரத்தில் சின்ன வசிதி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். யாரோ அவளைப் பெயர் சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள்.

"அங்க மழையா?" என்று கேட்டாள் லவேனியா.

"ஆமா. விடவே இல்ல."

"இங்கயும்தான்" என்றாள்.  காசு தீர்ந்து போன் தானாக நிற்கும்வரை இருவரும் அப்படியே காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.